அவைக்களத்தில் வழக்குரைத்த மகளிர்

பள்ளிப் பணியினின்றும் யான் ஓய்வு பெறுதற்கு முந்தைய ஆண்டிலே, ஒருநாள் சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். மடத்தில் எம் ஆசிரியர்பாற் கேட்ட வண்ணமே, கண்ணகியின் கற்பாற்றல் பாண்டியன் அவையை நடுங்கச் செய்த திறத்தை விரித்து மொழிந்தேன். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, கோவலன் கள்வன் அல்லன் என்று கதிரவன் முன்னரே சொல்லிவிட்டான் அல்லவா? அதனைக் கண்ணகி அரசனிடம் ஏன் சொல்லவில்லை?" என்று வினவினாள். "நாளை விடை கூறுவேன்" என்றேன். அந்நாளை வாராமலே ஆண்டு முடிந்தது. அப்பெண் இப்பொழுது யாண்டுளளோ அறியேன். அவளுக்குக் கடன்பட்ட விடையே இக்கட்டுரை.

வினா எளிதன்று. துன்பமாலையின் இறுதியில் கண்ணகி செஞ்ஞாயிற்றை நோக்கித் தன் கணவன் கள்வனோ என்று கேட்டலும், அல்லன் என்றும் இவ்வூரை எரியுண்ணும் என்றும் விடை எழுதலும் நூலறிந்தார் யாவர்க்கும் தெரியும். உலகமெல்லாம் காணும் ஒளிப்பொருள் கூறிய சான்று அது. அதனினும் பெரிய சான்று காப்பிய நெறியில் வேறில்லை. அச்சான்றைப் பெற்றவள், மதுரை மறுகெல்லாம் கடந்து அரண்மனை வாயில் புக்கபின், அதனைக் குறித்து ஒரு சொல்லும் கூறினாளல்லள். மறந்தாள் எனல் பொருந்தாது. அவள் அவையிற் பேசிய சொற்களுள் வீணாயது ஒன்றும் இல்லை.

உரையாசிரியர் துணையை நாடலாமெனின், அடியார்க்குநல்லார் உரை ஊர்சூழ்வரியோடு அறுந்துவிடுகின்றது. உ. வே. சாமிநாதையர் 1892-ஆம் ஆண்டில் அவ்வுரையோடு இந்நூலை அச்சேற்றிய நாள் முதல், கற்பார் அனைவரும் இக்குறையால் வருந்துவர். அரசவையின் வாயில்வரை நம்மைக் கைப்பற்றி அழைத்து வந்த பேராசான் அவ்வாயிலிலே நம்மைத் தனியே விட்டு நீங்குகின்றார். அரும்பதவுரைகாரரோ அருஞ்சொற்குப் பொருள் கூறிக் கடந்து செல்பவர். இத்தகைய ஐயங்களில் அவர் நிற்பதில்லை. ஆதலின், பெண்ணொருத்தி அவைக்களத்தில் நின்று முறை கேட்ட பிற காப்பிய இடங்களை நோக்கி, அவற்றோடு இதனை ஒப்பிட்டுக் காண்டலே நமக்குள்ள வழி.

முதற்கண் நினைவிற்கு வருவது அத்தினபுரத்து அவை. சூதிற் பொருளெல்லாம் இழந்த தருமன் பின்னர்த் தம்பியரையும், தன்னையும், இறுதியில் திரௌபதியையும் பணயமாக வைத்துத் தோற்றான். அழைக்க வந்த தேர்ப்பாகனிடம் அவள் அழவில்லை. ஒரு வினாவைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். தருமன் முன்னே தோற்றது தன்னையா, என்னையா என்பதே அது. தன்னை இழந்தவனுக்குப் பிறரைப் பணயம் வைக்கும் உரிமை ஏது என்னும் கூரிய நியாயம் அவ்வொரு வினாவினுள் அடங்கிக் கிடக்கின்றது. வீடுமன், உடைமை இல்லாதான் பிறர் பொருளை வைத்தாடுதல் இயலாதெனினும், மனைவி கணவன் வயத்தினள் ஆதலையும் நோக்கின் இது தீர்த்தற்கு அரிது, அறத்தின் நெறி மிக நுண்ணிது என்று கூறி அமைந்தான். விகர்ணன் ஒருவன் எழுந்து அவள் பக்கம் வழக்குரைக்க, கன்னன் அவனை இகழ்ந்து அடக்கினான். விதுரன் மட்டும், அவையிற் கேட்ட வினாவிற்கு விடை கூறாதார் பெறும் பாவத்தைப் பழங்கதையால் எடுத்துரைத்தான். கேட்பார் இல்லை.

புணேயில் 1919-ஆம் ஆண்டு தொடங்கி 1966-இல் நிறைவுற்ற பாரதத் திருந்திய பதிப்பு, துகிலுரி பொழுதில் அவள் கண்ணனை விளித்து வேண்டும் பகுதியைப் பிற்சேர்க்கையென்று அடிக்குறிப்பில் ஒதுக்கியது. அன்பர் பலர்க்கு இது வருத்தம் தந்த செய்தி. ஆனால் அவள் கேட்ட வினா மூலத்திலேயே அசையாது நிற்கின்றது. காப்பியம் அதற்கு விடை தரவில்லை என்பதையும் மறைத்தல் கூடாது. தீநிமித்தங்கண்டு அஞ்சிய திருதராட்டிரன் வரம் தந்தான். அவள் ஒரு வரத்தால் தருமனையும், மற்றொன்றால் ஏனை நால்வரையும் மீட்டு, மூன்றாவது வரத்தை வேண்டாவென்று மறுத்தாள். வரம் வேறு, தீர்ப்பு வேறு. கேட்டவள் முறை கேட்டாள், பெற்றது கொடையே.

இவ்வழக்கு நம் நாட்டு மக்கட்குப் புதியதன்று. காஞ்சிக்கு அணித்தாகிய கூரத்தில் ஏழாம் நூற்றாண்டிற் பல்லவன் முதற் பரமேசுவரவர்மன் எடுப்பித்த சிவன் கோயிலைக் குறிக்கும் செப்பேடு, அங்குள்ள மண்டபத்திற் பாரதம் வாசிப்பார்க்குப் பங்கு ஒதுக்குகின்றது. சிவாலயத்து மண்டபத்தில் ஊரார் கூடியிருந்து அத்தினபுரத்து அவையின் ஊமைமையைக் கேட்டனர் என்பதை நினையுந்தொறும் எனக்கு ஒருவகை மன எழுச்சி உண்டாகின்றது. ஊரவை கூடி வழக்குத் தீர்ப்பதும் அத்தகைய மண்டபங்களிலேயே அன்றோ?

அடுத்து, சகுந்தலை. காளிதாசன் நாடகத்தின் வழியே அவளை அறிந்தார்க்கு ஆதிபருவத்துச் சகுந்தலை வியப்பே தருவாள். ஆண்டு மோதிரமும் இல்லை, துருவாசர் சாபமும் இல்லை. மகனைக் கையிற் பற்றிக்கொண்டு துடியந்தன் அவை புகுந்து, முன்னர்க் கூறிய உறுதிமொழியை நினைவூட்டுகின்றாள். அரசன் அறிந்துவைத்தும் அறியேன் என்கின்றான், அவள் பிறப்பையும் இழித்துரைக்கின்றான். அவள் தலைகவிழ்ந்து நின்றிலள். மனைவியின் சிறப்பையும், மகன் தந்தையின் மறுவடிவாதலையும், ஆயிரம் பரிவேள்வியினும் வாய்மை எடைமிக்கதாதலையும் அடுக்கி உரைத்து, நின்னை யான் வேண்டேன், நீ இல்லாமலே என் மகன் நிலமாள்வான் என்று திரும்புகின்றாள். அப்பொழுது வானிலிருந்து அசரீரி எழுந்து அவள் கூற்று மெய்யென்கின்றது. அரசன் உடனே மகிழ்ந்து, தனக்கு இது தெரியும் என்றும், இவள் சொல் ஒன்றையே கொண்டு ஏற்பின் உலகம் ஐயுறும் என்று அஞ்சினேன் என்றும் சொல்லுகின்றான். இச்சமாதானம் எனக்கு என்றும் உவப்பாயிருந்ததில்லை. எனினும் அதிலொரு செய்தி உளது. பெண் சொல் தனித்து நில்லாது என்பது அவ்வவையின் எண்ணம். தெய்வம் வந்து தாங்கினாலன்றி அவள் வழக்கு வெல்லாது.

காளிதாசன் இவளுடைய நீண்ட வழக்குரையைச் சுருக்கி அவ்விடத்தில் மோதிரத்தை வைத்தான். மறைமலையடிகள் தமிழாக்கிய சாகுந்தல நாடகத்தைக் கற்றோர்க்கு இது தெரிந்ததே. வேண்டிய பொழுதில் அம்மோதிரம் கைவிரலில் இல்லை. பின்னர் அதனை மீன்வயிற்றிற் கண்டெடுத்து விற்க வந்த செம்படவன் கள்வனெனப் பிடிபடுகின்றான், காவலர் அவனைக் கொல்லத் துடிக்கின்றனர். அரசன் மோதிரத்தைத் தன் கண்ணாற் பார்த்தான், செம்படவன் பிழைத்தான். மதுரையில் அரசன் சிலம்பைப் பார்க்கவில்லை. இரண்டு காப்பியங்களிலும் அரசணி விற்க வந்த ஏழையே அகப்பட்டான், இடையில் ஒரு பார்வையே வேறுபாடு. இவ்வொற்றுமை தற்செயலோ என்று நான் பலகால் எண்ணியதுண்டு.

இனி மதுரைக்கு வருவோம். கொலைக்களக் காதையை ஊன்றி நோக்குவார்க்கு, கோவலன் வழக்கில் ஆராய்ச்சி என்பதே நடவாமை விளங்கும். கூடல் மகளிரின் ஆடலைக் கண்டு அரசன் மகிழ்ந்ததனால் ஊடி, தலைநோவென்று சொல்லி அகன்ற தேவியைத் தணித்தற்கு அவன் விரைந்து செல்கின்றான். வழியிற் பொற்கொல்லன் வீழ்ந்து வணங்கிக் கள்வன் அகப்பட்டான் என்கின்றான். அவ்வளவே சான்று. கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என்று தயங்குகின்றனர். பொற்கொல்லன் கள்வர்க்குத் துணையாகும் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் முதலிய எட்டையும் விரித்துரைத்து அவர் நெஞ்சைக் குழப்புகின்றான். சிலம்பை எடுத்துச் சென்று தேவியின் மற்றைச் சிலம்போடு வைத்துப் பாராமலே வாள் வீழ்ந்தது.

வழக்குரை காதையில் வாயிற்காவலன் அவள் தோற்றம் கண்டு அஞ்சி, கொற்றவையோ காளியோ என்று ஐயுறுமாறு வருணித்து அரசற்கு அறிவிக்கின்றான். அரசன், வரச்சொல் என்கின்றான். இவ்வொரு சொல்லைப் பாண்டியன் நற்பெயர்க்கணக்கில் எழுதுதல் வேண்டும். திரௌபதி அவைக்கு இழுத்து வரப்பட்டாள். கண்ணகிக்குக் கதவு திறந்தது. நீ யார் என்று அரசன் வினவ, அவள் தன் பெயரைக் கூறுமுன் தன் ஊரைக் கூறுகின்றாள். ஊரைக் கூறும்போதும், புறாவிற்காகத் தன் உடலை அரிந்தவனையும், ஆவின் கண்ணீர் கண்டு தன் மகனைத் தேர்க்காலில் ஊர்ந்தவனையும் முன்வைத்து, அவர்தம் புகார் என் பதி என்கின்றாள். இவை சோழர்குடிப் பெருமை பேசிய வெற்றுரை அல்ல. அரசனும் முறையின் கீழ்ப்பட்டவனே என்பதற்கு முன்னைத் தீர்ப்புகள் இரண்டை எடுத்துக்காட்டியபடி.

கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோலன்று என்று அரசன் கூறினான். அவன் கூறிய நீதியைக் கண்ணகி மறுக்கவில்லை என்பதை நோக்குக. கள்வனைக் கொல்லலாம். இவன் கள்வனா என்பதே வழக்கு. என் சிலம்பின் உள்ளீட்டுப் பரல் மாணிக்கம் என்றாள். அரசன் அவள் கூற்று முறையானதென்று ஏற்று, எம் தேவி சிலம்பின் பரல் முத்து என்று தானே சொன்னான். இருவரும் எதிரெதிர் உடன்பட்ட பின்னரே சிலம்பு கொணரப்பட்டு அவள் முன் வைக்கப்பட்டது. அவள் உடைத்தாள். தெறித்தது மணி. தான் அரசனல்லன் என்றும், கள்வன் என்னும் பெயர் தனக்கே உரியதென்றும் தீர்ப்பளித்து அரசன் வீழ்ந்தான்.

மாணவியின் வினாவிற்கு விடை இவ்விடத்தே உளது. அளவை நூல் பயின்ற நம்மனோர்க்கு அது எளிதிற் புலனாகவேண்டும். சிவஞானசித்தியார் அளவையியல், அளவைகள் ஆறென்றும் பத்தென்றும் கூறுவார் கொள்கைகளைக் குறித்து, அவையனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்று தெளிவிக்கும். திரௌபதி கொண்டது கருதலளவை. அவள் வாதம் பழுதற்றது, எனினும் அவை வாய்திறவாது இருப்பின் வாதம் தன்னைத்தானே நிலைநாட்டிக்கொள்ளாது. சகுந்தலையைத் தாங்கியது உரையளவை. அசரீரியை அவையோர் அனைவரும் ஒருங்கு கேட்டமையின் அது செல்லுபடியாயிற்று. கண்ணகி பெற்ற கதிரவன் வாக்கும் உரையளவையே. ஆயின் அதனைப் பாண்டியனோ அவன் அவையத்தாரோ கேட்டிலர். ஒருவர்க்கே வெளிப்பட்ட உரை அவர்க்கு உறுதி தருமேயன்றி, எதிர்வாதிக்கு அளவையாகாது. பரபக்கத்தில் ஏனைச் சமயத்தாரை மறுக்கும் ஆசிரியர், அவர் உடன்படாத ஆகமத்தை அவர்மேல் ஏவாமையும் இந்நெறி பற்றியே. கண்ணகி அளவை நூல் கற்றவள் என்று யான் சொல்ல வரவில்லை. இளங்கோவடிகள் அந்நெறி அறிந்தவர் என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை. இருவர்க்கும் பொதுவாகிய கண்முன் கிடக்கும் பொருளையே அவள் கையிற் கொடுத்தார்.

இதனால் என் பழைய பாடம் பிழைபட்டது. அவையில் வென்றது கற்பு என்று முப்பது ஆண்டுக்கு மேலாகச் சொல்லி வந்தேன். நூலோ அங்ஙனம் கூறவில்லை. தான் கற்புடையாள் என்பதை அவள் அவையில் ஒரு சான்றாக நிறுத்தவில்லை, அரசனும் அதனை வினவவில்லை. இராமாயணத்திற் சீதை எரிபுகுந்து தன் தூய்மையைத் தானே மெய்ப்பிக்க நேர்ந்தது. கண்ணகி வழக்கில் மெய்ப்பிக்க வேண்டியது சிலம்பின் உரிமை. புகார்ப் பத்தினிப் பெண்டிர் எழுவர் வரலாற்றை அவள் எடுத்துரைப்பது அடுத்த காதையாகிய வஞ்சினமாலையில், தீர்ப்பு முடிந்து அரசன் வீழ்ந்த பின்னர். கற்பின் ஆற்றல் தண்டத்திற்கு வந்தது, சான்றிற்கு வரவில்லை. மதுரை எரிந்தமை முறையோ என்பது வேறு வினா. குற்றமில்லா ஊரார் பலர் அதனுட் பட்டனர். அதனை நீதியென்று கூற என் நா எழுவதில்லை.

அவ்வெரியின் பின்வந்த மதுராபதித் தெய்வம், கோவலன் முற்பிறப்பிற் சங்கமனைக் கொலை செய்வித்த வினையை எடுத்துக்காட்டுகின்றது. வினைக்கு ஈடாக இது நிகழ்ந்ததாயின் அரசன்மேற் குற்றமென்னை என்று வினவுவார் உளர். நம் சித்தாந்தம் அறிந்தார் அங்ஙனம் மயங்கார். நுகர்வானுக்கு அது பழவினை. செய்வானுக்கோ புதுவினை. அத்தெய்வமே கூறும் மற்றொரு கதையும் இங்கு நினைத்தற்குரியது. திருத்தங்காலில் வார்த்திகன் என்னும் அந்தணன் பொய்ப்பழி பெற்றுச் சிறைப்பட, அவன் மனைவி கார்த்திகை மண்ணிற் புரண்டு அழுதாள். ஐயை கோயிற் கதவு திறவாதாயிற்று. அதுகண்ட பாண்டியன் என்ன முறை பிழைத்ததென்று ஆராய்ந்து, வார்த்திகனை விடுவித்து, திருத்தங்காலும் வயலூரும் அவனுக்கு அளித்து, மண்மேல் வீழ்ந்து பொறை வேண்டினான். ஆராய வல்ல குடியே அது. கோவலன் பொருட்டு ஒரு நாழிகை ஆராய்ந்திருப்பின், சிலம்பை உடைத்துப் பார்க்கும் அச்சிறு செயலை அரசன் தன் கையாலேயே செய்திருக்கலாம். மறுநாள் உடைத்தற்கு ஒரு கைம்பெண் வரவேண்டியிருந்திராது.

அக்காலத்து மகளிர் மெய்யாகவே அவையேறி வழக்குரைத்தனரோ என்று வரலாற்றாசிரியர் வினவலாம். காப்பியத்தைக் கொண்டு அதனைத் துணிதல் அரிது. மனுநூலின் எட்டாம் அத்தியாயம், மகளிர்க்கு மகளிரே சாட்சியாதல் வேண்டுமென்றும், தூயராயினும் மகளிர் பலர் கூற்று ஆடவன் ஒருவன் கூற்றிற்கு ஈடாகாதென்றும் விதிக்கின்றது. இக்கூற்றை யான் ஏற்கின்றிலேன். அது வழங்கிய உலகில் கண்ணகி சாட்சியாக வாராது வழக்காளியாகவே வந்தாள் என்பது கருதத்தக்கது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் அரசியரும் பிற மகளிரும் தம் பெயரிலேயே நிவந்தம் அளித்தலைக் காண்கின்றோம். நிலம் விற்கும் மகளிர் சிலர் முதுகண் என்னும் ஆடவரை முன்னிட்டு எழுதிக் கொடுத்தலையும் காண்கின்றோம். வழக்கு ஒரே நிலையில் இல்லை என்பதற்கு மேல் இவற்றாற் கூறுதற்கில்லை.

கண்ணகி மேற்கோள் காட்டிய ஆவின் வழக்கோ திருவாரூரில் நிலைபெற்றது. விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அதனைக் கூறும். இரண்டாங் குலோத்துங்கன் காலத்தவராகிய சேக்கிழார் அதனைத் திருநகரச் சிறப்பில் அமைத்துப் பாடினார். மணியைக் கொம்பினாற் புடைத்த தாய்ப்பசுவிற்கு மொழியும் இல்லை, ஓலையும் இல்லை, சாட்சி நிற்பாரும் இல்லை. அரசன் வெளியே வந்து பார்த்தான். அமைச்சர் கழுவாய் கூறினர், அவன் கொள்ளவில்லை.

சேக்கிழார் வழக்கு நுணுக்கம் அறிந்த அமைச்சர் என்பது தடுத்தாட்கொண்ட புராணத்தால் விளங்கும். திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றைக் காட்டுக என்று முதியவரைக் கேட்டனர். மூல ஓலை வந்தபின்னும், பாட்டனார் எழுத்துள்ள வேறோர் ஓலையோடு ஒத்துப் பார்த்தே தீர்ப்புக் கூறினர். வாதியாய் வந்தவன் இறைவனே ஆயினும் ஒத்துப் பார்த்தல் தவிர்க்கப்படவில்லை. மதுரையிற் செய்யாது விட்டதும் இதுவே.

அப்பெருநூலில் யான் பெரிதும் வியப்பது சங்கிலியார் செய்த ஏற்பாடு. திருவாரூரிற் பரவையாரை உடைய நம்பியாரூரர் திருவொற்றியூரில் தம்மை மணக்கக் கேட்ட செய்தி கனவில் இறைவனால் அறிவிக்கப்பட்டது. அவர் மறுத்திலர். ஆயின் பிரியேன் என்று சூளுரை பெறவேண்டுமென்றார். சூளுரையைத் திருமுன்னர்ச் செய்வேன் என்று கூறி, அப்பொழுது மகிழின்கீழ் எழுந்தருளியிருக்குமாறு நம்பியாரூரர் இறைவனைத் தனியே வேண்டிக்கொண்டார். அவ்வகையால் சூள் வெறுமையாகும் என்பது அவர் கருத்து. இறைவன் அதற்கும் இசைந்து, சங்கிலியார்க்கும் அதனை உணர்த்தினான். மறுநாள் கோயிலில் சேடியர், திருமுன்னர் வேண்டா, மகிழின்கீழ்ச் செய்தருளுக என்றனர். நம்பியாரூரர் செய்வதறியாது அங்கே சூளுரைத்தார். கண்ணகி கணவன் இறந்தபின் சான்று தேடிச் செல்ல நேர்ந்தது. சங்கிலியார் மணத்திற்கு முன்னரே சான்றை அமைத்துக்கொண்டார், அதுவும் எதிர்வாதி மறுக்கவொண்ணாத சான்றாக. பின்னர் நம்பியாரூரர் ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் கண்ணொளி இழந்தார். தோழரென்று அவரை ஆண்ட பெருமானே சூளுக்குச் சாட்சியாய் நின்றமையின், தோழமை பற்றி அத்தண்டம் நீங்கவில்லை. ஒரு கண் காஞ்சியில் வந்தது, மற்றது திருவாரூரில்.

திருவொற்றியூரில் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடைபெறுகின்றது. நான் ஒருமுறை சென்று அந்நிழலில் நின்றிருக்கின்றேன்.